யாழ்ப்பாணத்துப் பெண்கள் யாரிடம் போவது?

பெண்களின் பிரச்சினைகளை அறிந்த உளவளத்துணையாளரை இணையத்தில் தேடிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அது பாதி வழிதான். இங்கே பல பெண்களுக்கு மிக அருகில் இருப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளை பிறந்தபின் வீடு தேடி வருபவர் அவர். காரணமில்லாத அழுகை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமை இரண்டு கிழமையைத் தாண்டினால் தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள். 1987 இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்ற வினாத்தாளில் 10 கேள்விகளே உள்ளன; பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வை அதைக்கொண்டு முன்கூட்டியே இனங்காணலாம். "கண்ணூறு, கழித்தால் சரியாகும்" என்று வீட்டில் சொல்வதை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால் அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் நட்பு நிலையமும் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கமும் இருக்கின்றன. மனநல உதவிக்கு 1926.

எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊர் இது. அதனால் உளவளத்துணையாளரிடம் முதற் சந்திப்பிலேயே கேளுங்கள்: நான் சொல்வதைக் கணவருக்கோ அம்மாவுக்கோ சொல்வீர்களா? என்னைப் பற்றிய பதிவுகளை யார் பார்ப்பார்கள்? பெண்களோடு எவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறீர்கள்? இப்படிக் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல, உங்கள் உரிமை. கேள்விக்கு முகம் சுளிப்பவரை விட்டுவிட்டு வேறொருவரிடம் போங்கள். காணாமலாக்கப்பட்ட மகனை இன்னும் தேடும் தாயிடம் "மறந்துவிடுங்கள் அம்மா" என்று சொல்பவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும், அந்தத் தாய்க்கு ஏற்றவர் அல்ல.