ஷா எழுதிய முடிவு அது இல்லை, அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் பிள்ளைகள் போடப்போகிற 'பிக்மேலியன்' நாடகத்தைப் பற்றி, "பெர்னார்ட் ஷா எழுதினபடியே எலைசாவும் ஹிக்கின்ஸும் கடைசியில் சேர வேண்டும், மாற்றக் கூடாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அண்ணாச்சி. அது தப்பு. ஷா அப்படி எழுதவே இல்லை.

தெருவில் பூ விற்கிற ஏழைப் பெண் எலைசா; அவளுக்கு மேல்தட்டு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் ஹிக்கின்ஸ். கடைசிக் காட்சியைப் படித்துப் பாருங்கள். பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, கையுறை, கழுத்துக்கு ஒரு டை என்று ஹிக்கின்ஸ் வேலைக்காரியிடம் சொல்வது மாதிரி அடுக்குகிறார், "நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எலைசா கிளம்பிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் நாடகம். 1914-இல் லண்டனில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ கடைசியில் அவளுக்குப் பூவை வீசிப்போட்டு அதைக் காதலாக்கினார், ஷாவுக்குக் கடுங்கோபம். அதனாலேயே 1916-இல் பின்னுரை எழுதி, எலைசா தன்னைக் காதலித்த ஃப்ரெடி என்ற இளைஞனைக் கட்டிக்கொண்டு பூக்கடை வைத்தாள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

நீங்கள் சொல்லும் முடிவு இந்த நாடகத்தை வைத்து எடுத்த 1938 படத்தில் வந்தது, அப்புறம் இதே கதையின் இசை நாடகமான 'மை ஃபேர் லேடி' அதைப் பரப்பியது.

எலைசாவை டவுன் ரத வீதியில் பூ விற்கிற பிள்ளையாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் நெல்லைப் பேச்சை வெளியூரில் கிண்டல் செய்யக் கேட்ட யாருக்கும் அவள் வலி புரியும். பேச்சை மாற்றி மேலே ஏறியவள் தன் காலில் நிற்கிறாள் என்பதுதான் கதை. வாத்தியாருக்கே அவளைக் கட்டிவைக்கச் சொல்லி அந்தப் பிள்ளைகளை நெருக்காதீர்கள்.