அப்பாக்களுக்கு மார்க் போடுகிறவர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பிரிந்து வாழும் ஏழை அப்பாக்களுக்கான வகுப்பு ஒன்றில் இரண்டு வருஷமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பெரிய வேலையெல்லாம் இல்லை. வியாழன் மாலை வருகைத் தாளில் கையெழுத்து வாங்கி எக்செலில் ஏற்றுவேன். வருஷக் கடைசியில் அது நிதி கொடுப்பவர்களுக்கு அறிக்கையாகப் போகும்: இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்கள் எல்லோருக்கும் பரம திருப்தி.

பாதியில் நின்றவர்களைக் கேட்டீர்களா என்று ஒருமுறை வாய்விட்டேன். "அவங்க நம்பரெல்லாம் மாறிடுச்சு" என்று பதில் வந்தது. ரீசார்ஜ் பண்ணக் காசில்லாதவன் நம்பர் மாறத்தான் செய்யும். நமக்கு வேண்டியவனே அவன்தான்.

அதனால் குலுக்கல் முறை ஆய்வுகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. விண்ணப்பித்தவர்களில் பாதிப்பேருக்கு வகுப்பு, மீதிப்பேருக்கு இல்லை. பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது. உதவி கேட்டு வந்தவனைச் சீட்டு விழவில்லை என்று அனுப்புவது கொடுமைதான். ஆனால் வகுப்புக்கே வராதிருந்தாலும் அந்த ஆள் தானாகத் தேறியிருப்பானா என்பதை வேறெப்படிக் கண்டுபிடிப்பது?

அப்பாக்களுக்கான திட்டங்களுக்கு மத்திய அரசு 2005-ல் கொண்டுவந்த சட்டப்படி பணம் ஒதுக்குகிறது. 2010-க்குப் பிறகு அது வருஷத்துக்கு 7.5 கோடி டாலர். அப்படி நிதி பெற்ற நான்கு திட்டங்களில் 5,500-க்கும் மேற்பட்ட அப்பாக்களை வைத்து பேக்ட் என்ற ஆய்வு நடந்தது. 2018-ல் முடிவு வந்தது. வகுப்புக்குப் போனவர்கள் பிள்ளைகளிடம் கொஞ்சம் கூடுதல் பரிவோடு நடந்துகொண்டார்கள், வயசுக்கேற்றபடி விளையாடினார்கள், படித்துக் காட்டினார்கள். (எல்லாம் அவர்களே சொன்னதுதான். நானும் என் பிள்ளைகளிடம் பரிவானவன்தான், என்னைக் கேட்டால்.) நேரில் பார்ப்பது கூடவில்லை. சம்பளம் கூடவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் பணமும் கூடவில்லை. தொடர்ந்து ஒரே வேலையில் நிற்பது மட்டும் சற்று நீண்டது.

"பார்த்தீங்களா, வேஸ்ட்" என்று உடனே சொல்பவர்கள் ஒரு பே ஸ்டப்பை, அதாவது சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். வகுப்புக்கு வரும் ஒருவர், கிடங்கில் இரவு ஷிஃப்ட். மடித்து மடித்து நைந்துபோன அந்தத் தாளை மேசைமேல் விரித்து, பிடித்தம் என்ற வரியில் விரல் வைத்தார். பாதிக்கும் மேல் போயிருந்தது. சட்டமே அனுமதிக்கிறது: சைல்ட் சப்போர்ட்டுக்காக (பிரிந்து வாழும் அப்பா பிள்ளையின் செலவுக்கு மாசாமாசம் கட்ட வேண்டிய தொகை), வரி போன மிச்சத்தில் 50 முதல் 65 சதவீதம் வரை பிடிக்கலாம். "ஓவர்டைம் போனா அதுலயும் பாதி போயிடும். எதுக்குப் போகணும்?" என்றார். இவரிடம் ரெஸ்யூமே எழுதுவது எப்படி என்று அன்று பாடம்.

பழைய பாக்கி இன்னும் மோசம். 1986-ல் வந்த ஒரு திருத்தம், ஏறிவிட்ட பாக்கியை நீதிபதி பின்தேதியிட்டுக் குறைக்கக் கூடாது என்கிறது. ஜெயிலில் இருந்த காலத்துக்கும், வேலையில்லாத காலத்துக்கும், மனுப் போடத் தெரியாமல் விட்டிருந்தால் அத்தனையும் தலையில். பிள்ளையின் அம்மா அரசு உதவிப்பணம் வாங்கியிருந்தால், இவர் கட்டுவதில் பெரும்பகுதியைப் பல மாநிலங்கள் அந்த உதவிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஷூ வாங்கும் என்று நினைத்துக் கட்டும் பணம் கஜானாவுக்குப் போகிறது. ஒன்பது மாநிலக் கணக்கை அலசிய 2007 ஆய்வொன்றில், பாக்கியில் 70 சதவீதம் வருமானமே இல்லாத அல்லது வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் போகாத ஆட்களின் தலையில் இருந்தது. வற்றின கிணற்றில் வாளி விடுகிற கதை.

எல்லோரும் அப்பாவிகள் என்றும் சொல்ல வரவில்லை. 1990-களில் ஏழு இடங்களில், சைல்ட் சப்போர்ட் பாக்கி வைத்த வேலையில்லாத அப்பாக்களுக்கு வேலை தேட உதவ, பேரண்ட்ஸ் ஃபேர் ஷேர் என்று ஒரு சோதனை நடந்தது. திட்டத்தில் சேர்க்க விசாரணைக்கு வா என்று அழைத்ததுமே, சிலர் மறைத்து வைத்திருந்த வேலை வெளியே வந்தது. எலி வளையில் புகை போட்டமாதிரி. பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடும் அம்மா பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் புகை நியாயம்தான்.

எனக்கு எரிச்சல் வருவது அளவுகோலைப் பார்த்துத்தான். சைல்ட் சப்போர்ட் அலுவலகமே வேலை தேட உதவினால் என்ன ஆகும் என்று பார்க்க, எட்டு மாநிலங்களில் சுமார் 10,000 பேரை வைத்து சிஸ்பெட் என்ற ஆய்வு நடந்து 2019-ல் வெளியானது. அதில் நீதிமன்றம் விதித்த மாதத் தொகை குறைந்தது. கட்டிய பணமும் கொஞ்சம் குறைந்தது. ஒழுங்காகக் கட்டுவது கூடியதாகவும் காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சைல்ட் சப்போர்ட் அலுவலகத்தைப் பற்றிய அபிப்பிராயம் நன்றாகவே மாறியது, பிள்ளை என் பொறுப்பு என்ற எண்ணம் வளர்ந்தது. வசூலை மட்டும் பார்த்தால் இது தோல்வி. கட்ட முடியாத தொகையைக் கட்டக்கூடிய தொகையாக்கினால் வசூல் குறையாமல் என்ன செய்யும்?

அந்தக் கிடங்குக்காரருக்கு நாங்கள் மனுப் போட உதவினோம். நாலு மாசம் இழுத்து, தொகையைக் குறைத்தார்கள். அதிலிருந்து ஒரு மாசம்கூட அவர் தவறவில்லை. எங்கள் எக்செலில் அவர் பெயருக்கு நேரே 'செலுத்திய தொகை: குறைவு' என்று சிவப்புக் கட்டம். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைத்தேன். மேலே போன பிரதியில் கட்டம் இருந்தது, குறிப்பு இல்லை.