பி.எச்டி. லேபில் சேரும் முன் கேட்க வேண்டியவை

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்தில் பயோடெக், மைக்ரோபயாலஜி முடித்த பிள்ளைகள் லேப் தேடும்போது முதலில் பார்ப்பது தலைப்பைத்தான். கேன்சர், ஸ்டெம் செல் என்று இருந்தால் உடனே சேர்ந்துவிடுகிறார்கள். தலைப்பு அப்புறம் இருக்கட்டும். உதவித்தொகை யார் பெயரில் வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால் பணம் உங்கள் பெயரில். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆக உயர்ந்தால் 42,000. வாடகைப்படி தனி. கைடின் (ஆராய்ச்சி வழிகாட்டியின்) ப்ராஜெக்ட் பணத்தில் சம்பளம் வரும் ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். அப்படி இல்லை, ப்ராஜெக்ட் முடியும் அன்று சம்பளமும் முடியும். மூன்று வருட ப்ராஜெக்டில் ஒரு வருடம் ஓடிய பிறகு சேர்ந்தால் கையில் இருப்பது இரண்டே வருடம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது 3, அதிகபட்சம் 6 வருடம். மீதிக் காலத்துக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி? இதைக் கைடிடம் கேட்பது மரியாதைக் குறைவே இல்லை. ப்ராஜெக்டில் வேலை கிடைப்பது வேறு, பி.எச்டி. பதிவு வேறு என்பதையும் மறக்காதீர்கள். பதிவு எந்த மாதம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளிகளின் ரத்தம், திசு மாதிரிகளை வைத்து ஆராய்ச்சி செய்ய நம் வேலூரைப்போல வாய்ப்புள்ள ஊர்கள் குறைவு. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு, லென்டிவைரஸ் என்ற வைரஸ் வழியாக ஜீனைச் செலுத்தும் ஜீன் தெரபி கொடுத்து, 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியான ஆய்வு இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்ததுதான். ஆனால் ஆய்வு நெறிமுறையைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வராமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க முடியாது. அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கும் போடுங்கள்: மாதம் இரண்டு பேர் வரும் நோய்க்கு 60 மாதிரி என்று எழுதிவிட்டால், சேகரிக்கவே இரண்டரை வருடம் போய்விடும்.

மாதிரிகளைப் பாதுகாக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருக்கும் அறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாத அறை என்றால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். ஃபில்டரில் தூசி அடைத்து, கதவு ரப்பரில் பனி கட்டியிருந்தால் அதைச் சரியாகக் கவனிப்பார் இல்லை என்று அர்த்தம். ஜெனரேட்டர் லைன் உண்டா? ராத்திரி அலாரம் அடித்தால் யார் வருவார்? திசு ஒருமுறை உருகி உறைந்தால் அதிலிருக்கும் ஆர்.என்.ஏ. (ஜீனின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) சிதைந்துவிடும். கொடுமை என்னவென்றால், ஆர்.என்.ஏ. அளக்கும் நானோடிராப் கருவியில், சுத்தத்தைக் காட்டும் 260/280 விகிதம் அப்போதும் 2 என்று அழகாகக் காட்டும். ஜெல்லில் ஓட்டினால்தான், தெளிவாகத் தெரிய வேண்டிய 28எஸ், 18எஸ் என்ற ஆர்.என்.ஏ. பட்டைகள் மங்கிக் கீழே தீற்றலாகக் கிடப்பது தெரியும்.

செல்களை வளர்க்கும் செல் கல்ச்சர் லேப் என்றால், அதில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச்சிறிய பாக்டீரியாவுக்கான டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்குச் செல் சுவர் இல்லை, பெனிசிலின் ஒன்றும் செய்யாது. செல் வளரும் திரவமான மீடியமும் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாது. ஆனால் செல்லின் வளர்ச்சியையும் ஜீன் வெளிப்பாட்டையும் மாற்றிவிடும். கடைசியில் தெரியவந்தால் அத்தனை டேட்டாவும் வீண்.

சீனியர் அண்ணன், அக்காக்களிடம் டீக்கடையில் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக ஆர்டர் போட்ட ஆன்டிபாடி எத்தனை வாரத்தில் கைக்கு வந்தது? கடைசியாக இங்கே தீசிஸ் கொடுத்தவர் எந்த வருடம் சேர்ந்தவர்?