தொப்பி போட்ட பாக்கு

(காட்பாடி ரோட்டோர நர்சரி. அக்னி நட்சத்திரம். குடையோடு ரிட்டயர்டு தபால்காரர்; பூவாளியோடு கடைக்கார அம்மா.)

“ஏம்மா, ஓக் மரக்கன்னு கீதா?”

“இன்னா மரம் சார்?”

“ஓக்கு. அமெரிக்காவுல பையன் வூட்டாண்ட நிக்குது. காய் வெக்கவே இருபது வருசத்துக்கு மேல ஆவுமாம்.”

“உங்களுக்கு வயசு இன்னா சார்?”

“68. அத வுடு. போயிருந்தப்ப அதோட கொட்டைய ஒரு பாட்டில் பொறுக்கினு வந்தேன். மாசக்கணக்குல குளிர்ல கெடந்தாத்தான் மொளைக்கும்னு பிரிட்ஜுல வெச்சேன்.”

“மொளைச்சுதா?”

“எங்க! பாக்க தொப்பி போட்ட கொட்டப்பாக்கு மாதிரி இருக்கும். சம்பந்தி வந்தப்ப எங்க வூட்டம்மா வெத்தல தட்டுல வெச்சுட்டா.”

“ஐயய்யோ!”

“‘துவர்ப்பு தூக்கல்’னாரு. மரியாதைக்கு முழுங்கிட்டாரு.”

“இங்க மே மாசம் 40 டிகிரிய தாண்டுது. அது தாங்குமா? அப்படி இன்னா கீது அதுல?”

“நூத்துக்கணக்கான வகை புழு வருமாம். குருவிங்க அதத்தான் குஞ்சுக்கு ஊட்டுமாம்.”

“புழு வரும்னு சொல்லியா மரம் விக்கிறாங்க? எங்கிட்ட இலையில ஒரு ஓட்ட இருந்தாலே பாதி வெலைக்கு கேக்குறீங்க!”

“வருசாவருசம் தானா பூக்குற காட்டுப்பூவும் வேணும். போட்டோவ பாரு, மில்க்வீட். ஒடிச்சா பால் வரும், பட்டாம்பூச்சி முட்ட வெக்கும்.”

“நம்ம எருக்கு அதத்தானே சார் பண்ணுது?”

“ரெண்டும் ஒரே குடும்பம்தானாம். ஆனா வாசல்ல எருக்கு வெச்சா எங்க வூட்டம்மா என்னை வெளிய வெச்சுருவா.”

“அப்ப ஆவாரம்? பாலாறு காஞ்சு கெடக்கறப்பகூட மஞ்சளா பூத்துகினு நிக்கும். எங்க தாத்தா ராணிப்பேட்ட தோல் ஷாப்புல அதோட பட்டையிலதான் தோல் பதம் பண்ணாரு.”

“ரோட்டோரம் கெடக்குறதயா? பையனுக்கு போட்டோ அனுப்பணும்மா, மானம் போயிடும்.”

“புங்கன்? இலுப்ப?”

“எல்லாம் எங்க தாத்தா வெச்சது.”

“பையன் இன்னாதான் சார் சொன்னாரு?”

“‘அந்தந்த மண்ணு மரத்த வைங்கப்பா’ன்னான். அதான், அந்த மண்ணு மரத்த கேக்குறேன்!”

(அம்மா பதில் பேசவில்லை. உள்ளே போய், இன்னும் பூக்காத ஆவாரங்கன்றில் அதன் ஆங்கிலப் பெயர் எழுதிய ஒரு அட்டையைச் செருகிக்கொண்டு வருகிறார்.)

“டேனர்ஸ் கேசியா. விவசாயம் படிக்கிற எம்பொண்ணு எழுதினது. 150 ரூபா.”

“பாத்தியா! இத மொதல்லயே காட்டக்கூடாதா? ரெண்டு குடு. தண்ணி?”

“எப்பவாச்சும் ஊத்துங்க போதும். அட்டைய மட்டும் நனையாம பாத்துக்குங்க சார்.”