16 வயதில் ஸ்கூட்டர் ஓட்டலாமா? பரவும் தகவல் தவறு

'16 வயது ஆகி எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) இருந்தால் கியர் இல்லாத எந்த ஸ்கூட்டரும் ஓட்டலாம். பிடிபட்டாலும் 500 ரூபாய்தான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மோட்டார் வாகனச் சட்டம் 4-ஆம் பிரிவு 16 வயதினருக்கு அனுமதிப்பது எஞ்சின் கொள்ளளவு 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டுமே. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் 'க்யூபிக் கெபாசிட்டி' என்ற இடத்தைப் பாருங்கள். ஆக்டிவா, ஜூபிடர் எல்லாமே 100-ஐத் தாண்டும். கியர் இல்லை என்பதால் சிசி குறைந்துவிடாது. பெற்றோர் பலர் ஏமாறுவது இங்கேதான்.

500 ரூபாய் என்பது பழைய கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் ஓட்டினால் 181-ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180-ஆம் பிரிவில் இதே தண்டனை உண்டு.

ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 199ஏ பிரிவு பாயும். பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் காலம் முழுக்க அது இடிக்கும்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' கட்டாயம். பின்னால் நண்பரை ஏற்றக் கூடாது. உரிமம் உள்ள பயிற்றுநர் மட்டுமே உட்காரலாம்.