ஏழாம் வசனத்தைக் கல்லில் வெட்டுகிறோம், பதின்மூன்றாம் வசனத்தை என்ன செய்கிறோம்?

இரண்டாம் தீமோத்தேயு நான்காம் அதிகாரத்தின் ஏழாம் வசனம் தெரியாத கிறிஸ்தவர் நம்மிடையே குறைவு. "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." கல்லறையில் இருக்கும், நினைவுநாள் விளம்பரத்தில் இருக்கும், அடக்க ஆராதனையில் போதகர் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார். அதே அதிகாரத்தில் ஆறு வசனம் தள்ளிப் போய்ப் பாருங்கள். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புத்தகங்களையும் கொண்டுவா, முக்கியமாகத் தோற்சுருள்களைக் கொண்டுவா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் பவுல். கடிதத்தை முடிக்கும்போது, மாரிகாலத்துக்கு முன்பே வந்துவிடு என்றும் கேட்டுக்கொள்கிறார். இந்த வரிகளை எவரும் கல்லில் வெட்டி நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்த இரண்டாவது பவுலைத்தான் அதிகம் பிடிக்கும். ரோமாபுரியில் விலங்கோடு இருக்கிறார். சாவு நெருங்கிவிட்டது என்று அவருக்கே தெரிகிறது. உடன் ஊழியனான தேமா விட்டுப் போய்விட்டான். லூக்கா மட்டும் கூட இருக்கிறார். முதல் விசாரணையின்போது ஒருவரும் தம்மோடு நிற்கவில்லை என்று மறைக்காமல் எழுதுகிறார். கர்த்தர் தமக்குத் துணையாக நின்றார் என்பதையும் உடனே சேர்க்கிறார். நம்மில் பலர் அதோடு நிறுத்திவிடுவோம். கர்த்தர் இருக்கும்போது மனிதர் எதற்கு என்று ஒரு பிரசங்கமே செய்துவிடலாம். பவுலுக்கு அப்படித் தோன்றவில்லை. கர்த்தரின் துணையைப் பற்றி எழுதுகிற அதே கடிதத்தில் குளிருக்கு மேலங்கி கேட்கிறார், மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார்.

அந்த மாற்கு யார்? பவுலும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலிருந்து பாதியில் திரும்பிப் போனவர். அவரை மறுபடியும் சேர்த்துக்கொள்வதா என்ற கேள்வியில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் வாக்குவாதம் முற்றி, இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பல வருடங்களுக்குப் பிறகு, அதே மாற்குவைப் பவுலே 'பிரயோஜனமுள்ளவன்' என்று எழுதித் தேடுகிறார். அன்று பவுலின் பேச்சைக் கேட்டு பர்னபாவும் கைகழுவியிருந்தால்? (ஓர் ஆளை எடைபோடுவதில் பவுலுக்கும் அவசரம் இருந்தது என்று சொல்ல நம் பிரசங்கிகளுக்கு ஏன் இவ்வளவு தயக்கமோ!)

விசுவாசத்தில் நிலைத்திருப்பதை நாம் ஒரு தனி மனிதரின் வீரமாக ஆக்கிவைத்திருக்கிறோம். வேதத்தில் வருகிறவர்களோ, ஒருவர் தாங்க இன்னொருவர் நின்றவர்கள். தாங்கியவர்களின் பெயர்கள் நம் வாயில் நுழைவதே கடினம். ஒநேசிப்போரு என்றொருவர், ரோமாபுரிக்கு வந்து பவுலை விசாரித்து விசாரித்துத் தேடிக் கண்டுபிடித்தார். அவருடைய விலங்கைக் கண்டு வெட்கப்படவில்லை. எந்த ஞாயிறு பள்ளியில் இவரைப் பற்றிப் பாட்டு இருக்கிறது?

எபெத்மெலேக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, நகரத்தில் அப்பம் இல்லை. தீர்க்கதரிசி எரேமியாவின் பேச்சு பிடிக்காத பிரபுக்கள் அவரைத் தண்ணீர் இல்லாத ஒரு துரவில் கயிற்றால் இறக்கிவிட்டார்கள். சேற்றில் அமிழ்ந்துகொண்டிருக்கிறார். சொந்த ஜனத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியரான இந்த எபெத்மெலேக்தான் ராஜாவிடம் நேரே போய், அங்கே அவர் பட்டினியாலேயே செத்துப்போவார் என்று சொல்கிறார். அனுமதி கிடைக்கிறது, முப்பது ஆட்கள் கிடைக்கிறார்கள். கயிறும் இருக்கிறது. இனி இழுக்க வேண்டியதுதானே? எபெத்மெலேக் முதலில் அரண்மனைப் பொக்கிஷ அறையின் கீழே போய்ப் பழைய கந்தைத் துணிகளைப் பொறுக்கி எடுத்து வருகிறார். அவற்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும்படி எரேமியாவிடம் சொல்கிறார். தூக்கும்போது கயிறு உடம்பை அறுக்கக் கூடாது என்று அந்த அவசரத்திலும் யோசித்திருக்கிறார். உற்சாகப்படுத்துதல் என்பதற்கு வேதத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எலியாவின் கதை எல்லோருக்கும் தெரியும். சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்ட மனிதருக்குத் தூதன் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் கடிந்துகொள்ளவில்லை, இன்னொரு முறை சாப்பாடு கொடுத்தான். தேவனுடைய கேள்விகள் பிறகு ஓரேப் மலையில்தான் வந்தன.

இப்போது நம் சபைக்கு வருவோம். ஒருவர் தளர்ந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தவுடன் என்ன செய்கிறோம்? சூரியோதயப் படத்தின்மேல் வசனம் அச்சிட்ட அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இரண்டு கைகூப்பும் சின்னங்களும் உண்டு. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை போய்வருகிறவருக்கு அட்டை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதோடு ஒரு நாள் கூடப் போய் அந்த நாலு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருக்க ஆள் தேவை. பள்ளி விட்டுவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. இதற்குப் பெரிய விசுவாசம் வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை வேண்டும்.

அட்டையைவிட எனக்குக் கோபம் வருவது மாதத் தவணை வாக்குத்தத்தங்களின்மேல்தான். 'இந்த மாதம் உன் கண்ணீர் துடைக்கப்படும்' என்று மேடையிலிருந்து சொல்லிவிடுகிறார்கள். மாதம் முடிகிறது, கண்ணீர் முடியவில்லை. சொன்னவர் அடுத்த மாதத்துக்குப் போய்விடுவார். கேட்டவர் தம் விசுவாசத்தில்தான் குறை என்று நம்பி, முதலில் ஜெபக்கூட்டத்தை விடுகிறார், பிறகு ஆராதனையை விடுகிறார். அவருக்கு நாம் 'பின்மாற்றம்' என்று பெயர் வைக்கிறோம்.

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள். சுகத்துக்காக ஜெபித்தார்கள், அவர்கள் கேட்டபடி சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். அவரைச் சுற்றியிருந்தவர்கள் அத்தனை வருடமும் அவரைப் பராமரித்தார்கள். இன்றைய சாட்சி நேரத்தில் அவருக்கு மைக் கிடைத்திருக்குமா? பத்தாவது வருடத்தில் அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்? 'இன்னும் படுத்துத்தான் இருக்கிறேன், இன்னும் நம்புகிறேன்' என்பதைத் தவிர?

நம் சாட்சி நேரத்தில் முடிந்த கதைகளுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. வேலை கிடைத்தவர் வருவார், குழந்தை பிறந்தவர் வருவார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர் வருவார். ஸ்தோத்திரம், அவர்கள் வரட்டும். ஆனால் பாதிவழியில் நிற்பவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோருடைய கதையும் முடிந்துவிட்டது, நம்முடையது மட்டும் முடியவில்லை என்று நினைத்தபடி வீட்டுக்குப் போகிறார்.

போதகர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, இன்னும் பதில் கிடைக்காத ஒருவருக்கு, அவர் சம்மதித்தால், ஐந்து நிமிடம் கொடுங்கள். முடிவில் வெற்றிச் செய்தி ஒன்றைச் சேர்த்துச் சொல்லும்படி அவரிடம் கேட்காதீர்கள். அவர் பேசி முடித்ததும், அவருக்கு என்ன உதவி தேவை என்று சபையார் முன்னிலையிலேயே கேட்டு, யார் போவது என்று அங்கேயே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். இடையில் அவர் அழுதால், தயவுசெய்து பின்னணியில் கீபோர்டு வாசிக்கச் சொல்லாதீர்கள்.