கேட்டுட்டு எழுதுங்கப்பா

மட்டக்களப்புப் பொடியன்கள் சொந்தக் காசில ஒரு ஜாஸ் அல்பம் போட்டால் விமர்சனம் ‘மீன்பாடும் தேனாட்டிலிருந்து’ எண்டுதான் தொடங்குது. மறுகா கல்லடிப் பாலம், வாவி, நிலா. கடைசியில ‘இளைஞர் முயற்சி பாராட்டுக்குரியது’. முடிஞ்சுது.

வாசிப்பைப் பற்றி ஒரு வரி இல்ல! ஜாஸில முதல்ல மெட்டை வாசிப்பாங்க. பிறகு அதே கோர்ட் (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) சுற்றுக்கு மேல ஒவ்வொருத்தரா அந்த இடத்திலேயே கற்பனை பண்ணி வாசிச்சு, திரும்ப மெட்டுக்கு வருவாங்க. அந்தக் கற்பனைதான் உயிர். அதைக் கேட்காம ‘பாட்டு வரிகள் இல்லாதது குறை’ எண்டு ஒருத்தர் எழுதியிருக்கார். வயிறு எரியுது.

நாலாவது உருப்படியில டிரம்ஸ்காரப் பிள்ளை எங்கட நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்தின்ர மத்தள அடியை ரைட் சிம்பலுக்கு, அதான் டிரம்ஸில தாளம் ஓட்டுற உலோகத் தட்டுக்கு, மாத்தியிருக்கான். சாக்ஸபோன் அதுக்கு இடம் விட்டு, ரெண்டு சுற்று பேசாம நிண்டு, மறுகா நுழையுது. எத்தனை மாத உழைப்பு அது! ஒருத்தரும் கவனிக்கல்ல.

1947இல் ‘யாழ் நூல்’ எண்ட தமிழிசை ஆராய்ச்சி நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு பக்கத்திலதான் இருக்கு. இசையை நுணுக்கமா ஆராய இங்க ஆளில்லையா?

பிழை இருந்தாப் பிழையை எழுதுங்க. ரெண்டாவது உருப்படியில பியானோ அமுங்கிக் கிடக்கு. சொன்னால் அடுத்த பதிவில திருத்துவாங்க.